ஓய்வறையில் தின்னர் டின்கள்

பெயிண்ட் கிடங்கின் பெண்கள் ஓய்வறையில் எட்டு இரும்பு லாக்கர்களும் ஒரு கட்டிலும் மின்கெட்டிலும் இருந்தன. கிடங்கில் பெண் ஒருத்திதான். டின்களில் லேபிள் ஒட்டுவது அவள் வேலை. எல்லாருக்கும் அவள் லேபிளக்கா. ஒரே ஒரு பெண் இருந்தாலும் தனி அறை வேண்டும் என்பது விதி. அறை வந்தது. மற்ற ஏழு பேர் வரவில்லை.

முதல் வருஷம் பெருமையாகத்தான் இருந்தது. "எனக்குன்னு தனி ரூம்டி" என்று மகளிடம் போனில் சொன்னாள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், குழந்தை அழுதால் பாதியில் வைத்துவிடுவாள். மற்ற நாட்களில் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் டிவிதான்.

ஆண்கள் வெளி ஷெட்டில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் அவளும் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். சிரிப்பு சட்டென்று நின்றது. ஒருவர் எழுந்து இடம் விட்டார். மற்றவர்கள் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

மூன்றாம் வருஷம் சூப்பர்வைசர் அறைக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. தின்னர் வைக்க இடம் இல்ல. நீங்க ஒரு ஆள்தானே."

பெயிண்டைக் கரைக்கிற திரவம் அது. வாடை நெற்றியில் ஏறும். தீப்பற்றும், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும் என்ற லேபிளை அவற்றில் ஒட்டியவளே அவள்தான். இருந்தும் சரி என்றாள். சுவரோரம் நாற்பது டின்கள் ஏறின.

டின் எடுக்க ஆள் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் ரேடியோ வருவார். லோடுமேன். வாய் ஓயாதவர் என்பதால் அந்தப் பெயர். அவளைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் அக்கா என்பார். அவளும் விடாமல் அண்ணே என்பாள்.

"எட்டு பீரோ வச்சிருக்கீங்க. நகையெல்லாம் எதுலக்கா?"

"ஒன்பதாவதுல."

"அது எங்க இருக்கு?"

"அது தெரிஞ்சா நீங்க எதுக்குண்ணே டின் தூக்கப் போறீங்க."

ஒரு டின் எடுக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். மருமகன் வாங்கிய பழைய வண்டி, அது நின்றுபோன இடங்கள், தள்ளிக் கொடுத்தவர்கள் என்று கதை நீளும். தின்னர் பக்கத்தில் கெட்டிலைப் போட அவளுக்குப் பயம். காலையிலேயே வராந்தாவில் டீ போட்டுப் பிளாஸ்க்கில் ஊற்றிவைப்பாள். சாயங்காலம் தலை வலிக்கும். ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாள்.

வருஷத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வருவார். முந்தின நாள் டின்கள் லாரியில் ஏறும், அவர் போனதும் இறங்கும். இரண்டு வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம், அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நல்ல மழை. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். ஒரு டின்னில் மூடி கசிந்திருந்தது. அடி டின்னை எடுக்கக் குனிந்த ரேடியோ, பேச்சு பாதியில் நிற்க, அப்படியே தரையில் உட்கார்ந்து சாய்ந்தார். அக்குளில் கைகொடுத்து அவரை வராந்தாவுக்கு இழுத்துப்போட்டாள். கண் திறக்க நேரமாயிற்று.

"கால் வழுக்கிடுச்சுக்கா" என்றார். "எங்க விட்டேன்?"

"மருமகன்ல."

"ஆங், அவன் என்ன பண்ணான்னா..."

சாயங்காலம் வரை அவள் ஒட்டிய லேபிள்கள் எல்லாம் கோணலாகவே விழுந்தன.

வந்த அதிகாரி, மகள் வயதுப் பெண். கட்டிலை அமுக்கிப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"ரூம் எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா?"

வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஆமாம் என்றால் நாளைக்கே டின்கள் வரும், பின்னாலேயே ரேடியோ வருவார். இல்லை என்றால் இரண்டும் கிடையாது.

"இல்ல மேடம். நாப்பது டின் தின்னர் இங்கதான் இருக்கும். இன்னிக்கு லாரில இருக்கு."

பதினைந்து நாளில் காம்பவுண்டின் மறுகோடியில் கம்பிவலை அடித்த ஷெட் ஒன்று எழுந்தது. ஓய்வறைக்குள் ஆண்கள் நுழையக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

ரேடியோவை முற்றத்தில்தான் பார்த்தாள். இரண்டு கையிலும் டின்.

"எவன் போட்டுக்குடுத்தான்னு தெரியலக்கா. நடந்து நடந்து கால் தேயுது."

"நாந்தாண்ணே சொன்னேன்."

அவர் டின்களைக் கீழே வைத்தார்.

"நான் வந்து பேசினது தொந்தரவா இருந்துச்சா?"

"ஐயோ, இல்லண்ணே. அன்னிக்கு நீங்க மயக்கம் போட்டு..."

"அது கால் வழுக்குனது." டின்களைத் தூக்கிக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வர்றத நிறுத்தியிருப்பேனேக்கா. அதிகாரி வரைக்கும் போகணுமா?"

லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பி நடந்தார். வழியில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். அவர்களிடமும் ஒன்றும் பேசாமல் போனார்.