அரியலூரில் சார்ஜ் ஏறிய வண்டி

காலை ஏழு மணிக்கு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்தினேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, என் மனைவி மல்லிகா. முந்தின ராத்திரி எறையூர்ப் பக்கம், கரும்பு டிராக்டர்கள் ஓய்வெடுக்கும் ஒரு மைதானத்தில் தங்கினோம். விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் மூன்றும் சாப்பாட்டுக்கு முன்பே படுத்துவிட்டன. பால் திரிந்துபோனது. கொசுக்கள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை பார்த்தன.

"இன்னிக்கு ராத்திரியும் இருட்டுன்னா நான் நாளைக்கு மெட்ராஸ் பஸ் ஏறிடுவேன். நீங்க கன்னியாகுமரி வரைக்கும் தனியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

இருவரும் ஓய்வு பெற்றபின் சேர்ந்து ஊர் சுற்றத்தான் பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டு வைத்தேன். அவள் இல்லாமல் நான் யாரிடம் வழி கேட்டுச் சண்டை போடுவது? சாயங்காலம் வரை வாய்தா வாங்கினேன்.

எங்கள் வண்டியில் இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினுக்கு. இன்னொன்று கட்டிலுக்கு அடியில், வீட்டு உபயோகத்துக்கு. வண்டி ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏற வேண்டும். கட்டில் பேட்டரிக்கு மட்டும் ஏறவில்லை. பெரம்பலூரில் ஒரு கடைக்காரர் அதைத் தூரத்திலிருந்தே பார்த்து, "ஆயுசு முடிஞ்சிருச்சு சார், புதுசு போட்டுருங்க" என்றார். நாடி பிடிக்காத வைத்தியர் என்று மல்லிகா முணுமுணுத்தாள். அந்த விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சி.

பத்தரை மணிக்கு அரியலூர். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் போனால் அதுவே அறுபது மாதிரி. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் கடை. நடத்துகிறவர் சாதிக், லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பாலைவனச் சுற்றுலா வண்டிகளுக்கு வயரிங் பார்த்தவராம். எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், வூட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்க" என்றார்.

இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். இன்ஜின் பேட்டரியில் பதினாலு வோல்ட். கட்டில் பேட்டரியில் பன்னிரண்டு. அடுத்து, முன்னாலிருந்து வரும் வயரின் முனையைச் சோதித்தார். அங்கேயும் பதினாலு இருந்தது.

"வரவேண்டியது வருது சார். திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு. எர்த்தைப் பாப்போம்."

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், இன்னொன்றை வண்டியின் இரும்பு பாடியிலும் வைத்தார். எதுவுமே காட்டக்கூடாத இடத்தில் இரண்டு வோல்ட் காட்டியது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. நெகட்டிவ் வயரைப் பாடியோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினார். வயர் முனைக்கு அடியில் மஞ்சளாக, கெட்டியாக, காய்ந்துபோய் ஏதோ ஒன்று. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

சாதிக் கையை எடுத்துக்கொண்டார். "இது சாமிக்கு வெச்சதுங்க. நான் சொரண்டுனா நல்லா இருக்காது. அக்கா, நீங்களே எடுத்துருங்க."

சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வயர்களையெல்லாம் கழற்றித் துடைத்தவன் நான். பளிச்சென்று தெரிந்த இடத்திலெல்லாம் பக்தியோடு பொட்டு வைத்தவள் மல்லிகா. அதைப் பார்க்காமல் மேலேயே வயரை வைத்து முறுக்கியவன் மறுபடியும் நான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரோட்டில் போன லாரியைப் பார்த்தேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாள். சாதிக் கொடுத்த உப்புத்தாளால் இரும்பு மின்னும் வரை தேய்த்தாள்.

"அப்ப பொட்டு எங்கதான் வெக்கிறது தம்பி?"

"பேட்டரி மேல பிளாஸ்டிக் மூடி இருக்குல்லக்கா, அது பூரா வைங்க. யார் கேக்கப்போறா?"

போல்ட்டை முறுக்கி இன்ஜினை ஓடவிட்டதும் கட்டில் பேட்டரியிலும் மீட்டர் பதினாலை நெருங்கியது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. மூன்று பேரும் டீ குடித்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல டீயைக் குடித்ததாக ஞாபகம் இல்லை.

ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் சேரும்போது மாலை ஐந்தரை. ஒரு முந்திரித் தோப்பின் ஓரம், தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு நிறுத்தினோம். விளக்கைப் போட்டேன், எரிந்தது. ஃபேன் சுற்றியது. சென்னை வீட்டில் எத்தனை ஆயிரம் தடவை ஸ்விட்ச் போட்டிருப்பேன், ஒரு நாளும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மல்லிகா தன் அக்காவுக்கு போன் போட்டாள்.

"ஒண்ணும் பெரிசா இல்லக்கா, எர்த்து கோளாறு. இவரு வேலைய முடிச்சுட்டு சரியா இருக்கான்னு பாக்கறதே இல்ல. தனியா விட்டா வண்டி திண்டிவனம் தாண்டாது. கன்னியாகுமரி வரைக்கும் நான் கூட இருந்தாத்தான் சரியா வரும்."

சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் பழி முழுவதையும் நானே ஏற்றுக்கொண்டு, அவளுக்குப் பிடித்த பக்கமாக ஃபேனைத் திருப்பி வைத்தேன்.