கோணியில் வந்த நல்ல வார்ப்புகள்

எங்கள் ஊரில் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர்கள் ஓட்டை விழுந்த வார்ப்பை அடுத்தவர் கண்ணில் படவிடமாட்டார்கள். அன்றைக்கே உடைத்து உலைக்குள் தள்ளிவிடுவார்கள். அந்த வருஷம் அப்பா உடைத்துக்கொண்டே இருந்தார். பம்புக் கூடுகள் எல்லாம் ஓட்டை. இன்னொரு லோடு திரும்பி வந்தால் ஆர்டர் கிடையாது என்று பம்புக் கம்பெனி சொல்லிவிட்டது. பட்டறையை மூட வேண்டியதுதான். தன் கைராசி போய்விட்டது என்றே அப்பா நம்பினார். சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஊரிலிருந்த நாலு பட்டறையும் சேர்ந்து செலவு போட்டு, மெட்ராசிலிருந்து ஒரு எஞ்சினியரை வரவழைத்து, வார்ப்பை இன்னும் மேம்படுத்த வழி கேட்கலாம் என்று, ஓட்டைப் பேச்சே எடுக்காமல் சொன்ன யோசனை பெரியப்பாவுடையது. அவருக்கும் தனியாக ஒரு பட்டறை இருந்தது. கெட்டுப்போன வார்ப்புகளை மட்டும் கொண்டுவரும்படி எஞ்சினியர் முன்கூட்டியே சொல்லியனுப்பினார்.

பௌர்ணமிக்கு மறுநாள், ஆட்கள் கிரிவலம் சுற்றிய அலுப்பில் வேலைக்கு வராத நாளில், வேங்கிக்காலில் எங்கள் கொட்டகையில் நாலு பட்டறைக்காரர்களும் கூடினார்கள். ஆளுக்கொரு கோணி. பிரித்தால், எண்ணெய் தடவித் துடைத்த நல்ல வார்ப்புகள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணை நிறுத்துவதுபோல் வரிசையாக வைத்தார்கள், அப்பா உட்பட.

"இதுல நான் என்னத்தைங்க பாக்கறது?" என்றார் எஞ்சினியர்.

காபி கொண்டுவந்த அம்மா கொல்லைக்குப் போனாள். அப்பா உடைக்கும் முன் எடுத்துவந்து தண்ணீர்க் குடத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த ஓட்டைக் கூட்டைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள்.

"இது எங்களுதுங்க. மாசக்கணக்கா இப்படித்தான் வருது."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது.

பெரியப்பா அதை எடுத்து ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "எங்க பட்டறையிலயும் இதேதான்டா. இதே எடத்துல."

மற்ற இரண்டு பட்டறைக்காரர்களும் மெல்லத் தலையாட்டினார்கள். அவரவர் பட்டறைக்குப் போய், இன்னும் உலைக்குப் போகாத கழிவை எடுத்துவந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டைகள் ஒரே மாதிரி. அச்சுக்கு மணல் எங்கே எடுக்கிறீர்கள் என்று எஞ்சினியர் கேட்டார். நாலு பேருக்கும் ஒரே ஏரி.

"அதுல களிமண் ஜாஸ்திங்க. ஊத்தறப்ப காத்து வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு ஓட்டையாயிடுது."

மணலை மாற்றினார்கள், ஓட்டை நின்றது, பட்டறையும் பிழைத்தது. இதெல்லாம் பிறகு. பெரியப்பா தன் பட்டறை ஓட்டையைச் சொன்ன உடனேயே அப்பா சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அடுத்தவர் நஷ்டத்தைக் கேட்டு இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நஷ்டப்பட்ட பெரியப்பாவும் ஏன் கூடச் சேர்ந்து சிரித்தார் என்பது அதைவிடப் புரியவில்லை.