தோவா அக்கா குடித்த ஒரு கரண்டிச் சாறு

ஹுவே நகரத்தில் பூன் போ விற்கிறவர்களை எண்ணி மாளாது. மாட்டெலும்பைக் கொதிக்கவிட்டு, எலுமிச்சைப்புல்லைத் தட்டிப் போட்டு, புளித்த இறால் விழுதைக் கரைத்து ஊற்றி, அந்தச் சாற்றை அரிசி நூடுல்ஸ் மேல் விட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்கு நினைப்பு. அந்தக் கடைகளில் ஒருமுறை சாப்பிட்டால் மறுமுறை அந்தத் தெருவில் தலைவைத்தும் படுக்கமாட்டோம். ஆன் கூ ஆற்றோரம் என் காபிக் கடைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தோவா அக்காவின் கடை வேறு ரகம். மாலை வெயில் சாய்ந்ததும் திறப்பாள். ஆற்றுப்பாலத்தில் விளக்கு எரிவதற்குள் அண்டா காலி.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹனோயிலிருந்து வருகிறவர்கள் காரம் வேண்டாம் என்பார்கள். சைகோன்காரர்கள் உட்கார்ந்ததுமே சர்க்கரை டப்பாவைத் தேடுவார்கள். "காரம் வேணாம்னா அந்தப் பக்கம் கஞ்சிக் கடை இருக்கு, போங்க. சர்க்கரை வேணும்னா பக்கத்துல காபிக்காரி வச்சிருக்கா, அவகிட்ட நக்கிட்டு வாங்க" என்பாள். திட்டு வாங்கியவர்கள் மறுநாள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். எனக்குத்தான் எரிச்சலாக வரும். நான் சிரித்துச் சிரித்து விற்கிற காபிக்கு அந்தக் கூட்டம் வந்ததில்லை.

கடை திறக்கும் முன் அவள் சாற்றை ருசி பார்ப்பாள். அப்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது. கரண்டியில் எடுத்து உறிஞ்சி, கண்ணை மூடி நிற்பாள். பிறகு விழுதுத் தண்ணீர் துளி விடுவாள். மறுபடி உறிஞ்சுவாள். புருஷன் போன பிறகு அந்த நாக்கை வைத்துத்தான் மகன் வின்னை வளர்த்தாள்.

வின் சுற்றுலா வேன் ஓட்டினான். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஹாய் வான் கணவாய் வழியாக டா நாங் போவான், திரும்புவான், திரும்பியதும் அத்தனை பேரையும் அம்மா கடையில் கொண்டுவந்து இறக்குவான். டா நாங்கில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த மியென் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவள் தெற்கே கான் தோ பக்கத்துப் பெண். நல்ல பொறுமைசாலி. ஆனால் தோவா அக்காவுக்கு அவளுடைய ஊர்தான் முதலில் கண்ணில் பட்டது. "தேங்காப்பாலும் சர்க்கரையும் தின்னு வளந்த நாக்கு. அதுக்கு இங்க என்ன வேலை?" என்று என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து மருமகளைச் 'சர்க்கரை' என்றுதான் கூப்பிட்டாள். மியென் கோபப்பட்டதே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் கணவாயின் வளைவில் வேன் உருண்டது. வண்டியில் பயணிகள் யாரும் இல்லை. வின் மட்டும்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மருத்துவர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை. தோவா அக்கா நேராகக் கோயிலுக்குப் போய்க் கருணைத் தாய் குவான் ஆம் சந்நிதியில் விழுந்தாள். மகன் கண்ணைத் திறந்தால் ஆயுசுக்கும் கவிச்சியைத் தொடமாட்டேன், மீன், இறைச்சி, எலும்புச் சாறு எதுவும் என் நாக்கில் படாது என்று வேண்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எல்லோரும்தான் மரக்கறி சாப்பிடுகிறோம். ஆயுசுக்கும் என்பது வேறு. அதுவும் பூன் போ கடைக்காரி வாயில் அந்த வேண்டுதல் வந்தால் அது கையை வெட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

வின் கண்ணைத் திறந்தான். அக்கா வேண்டுதலைக் காப்பாற்றினாள்.

கடையை மூடினால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லை. மீண்டும் திறந்த அன்று சாறு கொதித்துக்கொண்டிருக்க, அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாக்குல வச்சுட்டுத் துப்பிடுக்கா. முழுங்கினாத்தானே தப்பு?" என்றேன்.

"துப்பினா சாமிக்குத் தெரியாதாடி? நான் என்ன சந்தையிலயா பேரம் பேசிட்டு வந்தேன்?"

பிறகு கரண்டியை மியெனிடம் நீட்டினாள். அவள் நீட்டிய விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"உப்பு?"

"சரியா இருக்குங்க அத்தை."

"விழுது?"

"இன்னும் கொஞ்சம் வேணும் போல இருக்கு."

"போல எல்லாம் வேணாம். வேணுமா, வேணாமா?"

"வேணும்."

தினமும் இந்த விசாரணை நடக்கும். மியென் உறிஞ்சிச் சொல்ல, அக்கா ஆவியை மோந்து பார்த்துத் தலையாட்டுவாள். கடை முன்னைப்போலவே நடந்தது. நானும் தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வின் வீட்டுக்கு வந்தான். கால்கள் இன்னும் பலப்படவில்லை. பேச்சு மெதுவாக வந்தது. குழாய் வழியாகச் சாப்பிட்டவனுக்கு வெகுநாள் வெறும் கஞ்சிதான். கஞ்சியில் யார் ருசி தேடுவார்கள்? பிறகு மருத்துவர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட, அக்கா முதல் கிண்ணம் பூன் போவைத் தானே ஏந்திக்கொண்டு போனாள். பன்றிக்கால் துண்டும், நண்டு உருண்டையும், மேலே வாழைப்பூச் சீவலும் வைத்திருந்தாள். வின் ஒரு வாய் எடுத்தான். கரண்டியை வைத்துவிட்டான்.

"சுடுதண்ணி மாதிரி இருக்கும்மா."

மறுநாளும் அதையே சொன்னான். மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் அதுவும் அப்படித்தான். வீட்டுச் சமையலும் மியென் கைதான். அதனால் என்னைத் தவிர எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அம்மா ருசி பார்க்கவில்லை, தெற்கத்திப் பெண் பார்க்கிறாள், அதுதான் பிள்ளைக்கு இறங்கவில்லை. வின்னும் அப்படியே நம்பினான். "உங்க கை பட்டது வேணும்மா" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்து, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டான். கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று அக்கா மருமகளை என் காதுபடத் திட்டினாள். "எமன்கிட்டேர்ந்து நான் மீட்டுட்டு வந்தேன். நீ பட்டினி போட்டுக் கொல்றே. சர்க்கரை, சர்க்கரை! உன் ஊர் நாக்கை ஆத்துல கழுவிட்டு வா!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நான் தினம் திங்கிறேன். சாறு அதே சாறுதான். அந்தப் பொண்ணை ஏன் போட்டு வறுக்கிறே?"

"நீ காபி விக்கிறவ. உனக்கு என்ன தெரியும்?"

மியென் வாழைப்பூவைச் சீவிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கையில் விழுந்தது. துடைக்கவில்லை. அவளும் அந்த வாரங்களில் பாதியாகியிருந்தாள். புருஷன் சாப்பிடாத வீட்டில் அவளுக்கு எங்கே சோறு இறங்கும்!

அப்புறம் அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில் கேட்டாள். "நான் ருசி பார்த்துட்டா, குடுத்ததைச் சாமி திருப்பி எடுத்துக்குமாடி?"

வேண்டுதலைக் காத்தால் பிள்ளை பட்டினியில் போவான். மீறினால் மீட்டுக் கொடுத்த உயிர் போகும். அவள் கணக்கு அதுதான். அந்தக் கணக்கில் நான் எங்கே கை வைப்பது?

மறுநாள் பிற்பகல் அவள் கடைச் சாமிமாடத்தில் ஊதுபத்தி கொளுத்தினாள். எங்கள் காதுபடவே பேசினாள். "தாயே, நான் வாக்கு மாறப் போறேன். தண்டனை எனக்கு. அவன் பக்கம் திரும்பாதே. வேண்டிக்கிட்டவ நான், பொய்க்காரியும் நான், என்னை எடுத்துக்கோ." பிறகு கரண்டியை அண்டாவில் விட்டாள். மியென் சுவரோடு ஒட்டி நின்றாள். அக்கா உறிஞ்சினாள். கண்ணை மூடினாள்.

விழுதுச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. உப்பையும் தொடவில்லை.

"இன்னிக்கு விழுது யார் ஊத்தினது?"

"நான்தான் அத்தை."

"இதுல நான் போட ஒண்ணும் இல்லை" என்றாள் அக்கா. "இது என் சாறு."

கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். "நானே ருசி பார்த்தேன்டா கண்ணு, குடி" என்றதும் வின்னின் முகம் மலர்ந்தது. ஆசையோடு ஒரு வாய் எடுத்தான். மலர்ந்த முகம் அப்படியே வாடியது.

"அம்மா... பொய் சொல்லாதீங்க."

அக்கா அலமாரியிலிருந்த மீன் சாஸ் குப்பியை எடுத்தாள். ஒரு கரண்டி நிறைய, கலக்காமல், அவன் வாயில் ஊற்றினாள். யாராக இருந்தாலும் அலறித் துப்பிவிடுவார்கள். அவன் விழுங்கிவிட்டு எங்களைப் பார்த்தான்.

"என்ன இது? தண்ணியா?"

ஒரு பச்சைமிளகாயைக் கடிக்கச் சொன்னாள். கடித்தான். "எரியுது. அவ்வளவுதான்" என்றான். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து அவனுக்கும் புரிந்துவிட்டது. தலையில் விழுந்த அடி எதை எடுத்துக்கொண்டது என்று அதுவரை யாருக்கும் தெரியவில்லை. கை காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். நாக்கைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். முப்பது வயது ஆள் அப்படி அழுவதைப் பார்க்காமல் நான் மீன் சாஸ் குப்பியை மூடி அலமாரியில் வைத்தேன்.

அக்கா கடைக்குத் திரும்பி வந்தாள். ஒரு கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கி வைத்து, சாறு ஊற்றி, இரண்டு கையாலும் மருமகளிடம் நீட்டினாள். மாமியார் மருமகளுக்கு அப்படி நீட்டி நான் பார்த்ததில்லை.

"சாப்பிடும்மா. நான் பாவி. வாயில வந்ததை எல்லாம் உன்மேல கொட்டினேன். மன்னிச்சுக்கோ."

மியென் வாங்கிக்கொண்டாள். ஆனால் அங்கே சாப்பிடவில்லை. கிண்ணத்தோடு வின்னின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"திரும்புங்க. நீங்க ஒரு வாய், நான் ஒரு வாய்."

"எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. நான் சொல்றேன், நீங்க முழுங்குங்க."

அவன் திரும்பவில்லை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, அண்டாவின் முன் நின்று மாமியாரிடம் சொல்வதுபோலவே சொல்ல ஆரம்பித்தாள். "முதல்ல எலுமிச்சைப்புல். அது மூக்குக்குத்தான் வருது. அப்புறம் எலும்போட தித்திப்பு, ஆனா சர்க்கரை இல்லை, சத்தியமா நான் போடலை. இப்ப விழுது. கொஞ்சம் நாறும், நாறிட்டு நாக்குக்குக் கீழ போய் உக்காருது." வின் மெல்லத் திரும்பினான். அவள் ஊட்டினாள். அவன் மென்றான். அடுத்த வாய்க்குத் தானாக வாயைத் திறந்தான். கிண்ணத்தில் பாதிக்கு மேல் இறங்கியது.

அக்கா மறுநாளே கோயிலுக்குப் போய் அதே வேண்டுதலை மறுபடி எடுத்துக்கொண்டாள். இனி அவள் நாக்கிலும் அந்தச் சாறு படாது. இப்போது தினமும் கடை திறப்பதற்கு முன் மியென் முதல் கிண்ணத்தோடு உள்ளே வந்து உட்காருவாள். வின் சாப்பிடுவான். எதிரில் தோவா அக்கா தன் சோற்றையும் டோஃபுவையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். மருமகள் நிறுத்தினால், "அப்புறம்? அப்புறம் என்ன வருது, சொல்லும்மா" என்று மகனுக்கு முந்திக்கொண்டு கேட்பாள்.