வளையல் இல்லாத கை

ஆகஸ்ட் பன்னிரண்டு, திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கரிவலம்வந்தநல்லூரில் பஸ் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீலப் பட்டறைச் சட்டை, கனத்த ஷூ, இறுக்கிக் கட்டிய கொண்டை. முன்சீட்டுக் கம்பியை விரலால் தடவி, அதன் வழவழப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சங்கரன்கோவிலில் தொழிற்கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறாளாம். பத்தரை மணிக்கு லேத்தில் செய்முறைத் தேர்வு.

அவளுடைய வெறுங்கை என் கண்ணை உறுத்தியது.

"பொம்பளப்பிள்ள கை இப்படி மூளியா இருக்கலாமா?"

"ஓடுத லேத்துல வளையல் மாட்டுச்சுன்னா கையே போயிரும் தாத்தா. அப்பதான் மூளி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சங்கரன்கோவிலுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில் பஸ் டயர் வெடித்தது. நேரம் தவறினால் மெஷின் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே அவள் சாலையில் இறங்கி நடக்கத் தொடங்கினாள். எதற்கும் ஆட்டோ பிடிக்காத நான், கை காட்டி ஒன்றை நிறுத்தினேன். மூன்று நிமிடம் மிச்சமிருக்கக் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டோம். வாடகை நூற்றிருபது.

"ஓடு மக்கா, காசு நான் குடுக்குதேன்."

"ரெண்டு பேருந்தான தாத்தா வந்தோம்?"

பாதிக் காசை என் கையில் வைத்து அழுத்திவிட்டு ஓடினாள். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனாலும் என் வீட்டுப் பிள்ளையே தேர்வுக்குப் போவதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கு ஆன செலவு அறுபது ரூபாய்.