வலது சக்கரம்

நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். அவளுடைய தம்பி இருந்தான், கல்ஃபில் வெல்டர், லீவுக்கு வந்தவன். பக்கத்து வயல்காரர் இருந்தார், எங்கள் முற்றத்தில் எது நடந்தாலும் அவர் இருப்பார். நடுவில் வெல்டிங் மிஷின், புதுசு, மச்சினன் நாகர்கோவிலில் வாங்கிக்கொண்டு வந்தது.

வெல்டிங் படிக்க வேண்டும் என்று கேட்டது நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்கவில்லை.

எங்களுக்கு நெல் வயல்தான் பிழைப்பு. உழ ஒரு பவர் டில்லர் உண்டு. அதில் எது உடைந்தாலும் ஜங்ஷன் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சானலில் தண்ணீர் விடும்போதுதான் உடையும். எல்லாருக்கும் அப்போதுதான் உடையும். பட்டறைக்காரர் நாளைக்கு என்பார். நாளைக்கு எங்கள் முறை முடிந்து தண்ணீர் கீழ்வயலுக்குப் போயிருக்கும். போன கும்பப்பூ சாகுபடியில் அப்படித்தான் நடவு பிந்தியது. பாதிக் கதிர் பதராய் நின்றது. அதனால்தான் கேட்டேன்.

முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. ஆட்டி எடுத்தேன். மறுபடி ஒட்டியது.

"கைய இறுக்காதீங்கோ அத்தான். தொட்டும் தொடாம இருக்கணும்" என்றான் மச்சினன்.

"இரும்ப ஒட்டச் சொன்னா ராட ஒட்டுகீரே ஓய்" என்றார் பக்கத்து வயல்காரர்.

அவள் மிஷினின் கரண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். சிரித்தாள். முகமூடிக்குள்ளும் காது கேட்கும்.

"அக்கா, நீயும் ஒண்ணு இழுத்துப் பாரு."

"எனக்கு எதுக்குலே? அடுப்புல சோறு கெடக்கு."

"சும்மா இழுக்கா."

சும்மாதான் இழுத்தாள். ராடு ஒட்டவில்லை. சத்தம் ஒரே சீராக வந்தது. முகமூடிக்குள் இருந்து, "பப்படம் பொரியுத மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"அதாக்கும் சத்தம். கொள்ளாம்க்கா" என்றான் தம்பி. கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தான். விரலால் தடவினான். மறுபடியும் கொள்ளாம், நல்லாருக்கு என்றான். லீவு முடிகிறவரை எனக்கு ஒரு கொள்ளாம் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். முந்திரிப் பருப்பு உடையாமல் அதன் தோலைக் கத்தி முனையால் எடுக்கிற வேலை. அந்தக் கை இதற்கு உதவும் என்று யார் கண்டது? என் கை மண்வெட்டி பிடித்த கை. அதற்குத் தொட்டும் தொடாமலும் தெரியாது.

போவதற்கு முன் மச்சினன் டில்லரின் சக்கரத்தைப் பற்றி ஒன்று சொன்னான். டில்லரைச் சேற்றில் இறக்கும்போது டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டுவோம். சேற்றைப் பிடிக்க அதன் விளிம்பில் பட்டைகள் இருக்கும். பட்டை தேய்ந்தால் பழைய லாரி ஸ்பிரிங்கை வெட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"இது ஸ்பிரிங் பட்டையாக்கும். பத்த வச்சா தண்ணில முக்கப்பிடாது. சாம்பல்ல பூத்தி வைக்கணும். தானா ஆறட்டு."

"முக்கினா?" என்று அவள் கேட்டாள்.

"பாக்க நல்லாத்தான் இருக்கும். அடி பட்டா பொட்டும்."

நானும் தலையாட்டினேன். அவன் கப்பலும் குழாயும் பற்றவைக்கிறவன். வயல் இரும்பு அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அவன் போன பிறகு ஆள் வர ஆரம்பித்தது. முதலில் பக்கத்து வயல்காரர், மருந்தடிக்கிற பம்பின் சட்டத்தோடு.

"மக்கா இருக்காளா?"

"நான் இருக்கேன்லா."

"நீரு இருக்கீரு. அதுக்கு என்ன? அவ இருக்காளா?"

என் வாசலில் நின்று என்னிடமே கேட்டார். அவள் வந்தாள். பொரிகிற சத்தம் வந்தது. அவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு குலசேகரத்தில் இருந்து அவள் பெரியம்மா வீட்டார் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினின் கைப்பிடியை ஜீப்பில் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரத்துக்கும் பேச்சு போயிருந்தது.

முகமூடிக்குள் தலையைச் சுற்றி ஒரு பட்டி உண்டு. திருகி அளவு வைக்கலாம். என் தலை பெரிது, அவள் தலை சிறிது. நான் எடுக்கும்போதெல்லாம் அது அவள் அளவில் இருக்கும். நான் தளர்த்தி வைப்பேன். அடுத்த முறை எடுத்தால் மறுபடி இறுகியிருக்கும். அவள் குளிக்கப் போகும்போது அவள் பற்றவைத்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பேன். மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். என்னுடையது கோழி எச்சம். முகமூடியை அவள் கையில் கண்டால், "ஏட்டி, சோறு வச்சியா?" என்று கேட்பேன். வைத்திருப்பாள். அதுவும் எரிச்சலாக இருக்கும்.

இந்தக் கும்பப்பூவுக்குத் தண்ணீர் விட்டார்கள். இரண்டு இரும்புச் சக்கரத்திலும் பட்டை தேய்ந்து கிடந்தது. மாற்ற வேண்டும்.

"ஆளுக்கு ஒரு சக்கரம்" என்றேன்.

"பந்தயமாக்கும்?" என்றார் பக்கத்து வயல்காரர்.

அவள் காலையிலேயே இடது சக்கரத்தை முடித்து, நெல் அவிக்கிற அடுப்பின் சாம்பலைக் கொட்டி மூடினாள். வலது சக்கரம் எனக்கு. முடித்துப் பார்த்தேன். வழக்கம்போல் கோழி எச்சம். சாம்பல் முழுதும் அவள் சக்கரத்தின் மேல் இருந்தது. ஜங்ஷன் கொல்லர் அரிவாளையும் வெட்டுகத்தியையும் தண்ணீரில் முக்குவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அந்த இரும்பு கெட்டா போயிற்று? சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்ச் சானலில் முக்கினேன். சுர்ரென்றது. கசடெல்லாம் தானாக உதிர்ந்தது. வெளியே எடுத்தால் பளபளவென்று இருந்தது. முதல் முறையாக என்னுடையது அவளுடையதைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் வயலில் இறக்கினேன். தண்ணீர் சாயங்காலம் வரைதான். அதற்கு மறுநாள் நடவுக்குப் பெண்கள் வருகிறார்கள்.

முதல் சுற்று நன்றாகப் போனது. பிறகு டில்லர் வலது பக்கமாக இழுத்தது. நேராகப் பிடித்தேன். மறுபடி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.

"என்ன ஓய், கோயிலச் சுத்துகீரா?" என்று வரப்பில் இருந்து கேட்டார் பக்கத்து வயல்காரர்.

அணைத்துவிட்டுப் பார்த்தேன். வலது சக்கரத்தில் மூன்று பட்டைதான் நின்றது. ஏழைக் காணோம். ஒட்டு விடவில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரிப் பொட்டியிருந்தது.

அவள் இறங்கி வந்தாள். உடைந்த வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"முக்கினீங்களா?"

நான் குனிந்து மீதிப் பட்டையைத் தட்டிப் பார்த்தேன்.

"இது காலுல ஏறினா எலும்பு வரைக்கும் போவும். நாளைக்கு நடுகதுக்கு எல்லாரும் வெறுங்காலோட இறங்குவாங்க." சேலையைத் தூக்கிச் செருகினாள்.

இருவரும் சேற்றுக்குள் காலால் தேடினோம். கையை விட்டால் கை கிழியும். காலை இழுத்து வைக்காமல், மெதுவாக அழுத்தி, உள்ளே கிடப்பது கல்லா வேரா இரும்பா என்று பார்க்க வேண்டும். தொட்டும் தொடாமலும். அவள் ஒரு மூலையில் இருந்து தொடங்கினாள். நான் வட்டம் போட்ட இடத்தில் நின்றேன். வெயில் ஏறியது. ஏழும் கிடைக்கிறவரை அவள் கரையேறவில்லை.

மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வயல்காரரின் மோட்டார் அறையில் கரண்ட் உண்டு. நின்ற மூன்றையும் தட்டி எடுத்துவிட்டு, வேறு பட்டை வைத்து அவள் பற்றவைத்தாள். நான் வீட்டில் இருந்து சாக்கில் சாம்பல் சுமந்தேன். ஆறுகிறவரை மூன்று பேரும் நிழலில் இருந்தோம். பக்கத்து வயல்காரர் மழையைப் பற்றிப் பேசினார், சக்கரத்தைப் பற்றி இல்லை. அது அவர் கேலியைவிட மோசம்.

மதியத்துக்கு மேல் டில்லர் நேராகப் போனது. இப்போது இரண்டு சக்கரமும் அவளுடையது. ஓட்டியது நான். தண்ணீர் நிற்பதற்குள் முடிந்தது. மறுநாள் நட்டார்கள். ஒரு காலிலும் கீறல் இல்லை. பயிர் இப்போது நன்றாக நிற்கிறது. முகமூடியின் பட்டி அவள் அளவில் இருக்கிறது. தளர்த்துகிறேன்.

உழுது முடித்த அன்று சாயங்காலம் சானலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல்காரர் வந்து பக்கத்தில் நின்றார்.

"எல்லாம் கிட்டிச்சா ஓய்?"

"ஏழும் கிட்டிச்சு."

"அதுல நீரு பெறக்குனது எத்தன?"

"ஒண்ணு."