குழாய்க்குள் போன வரைபடம்

நாங்கள் காகிதத்தைப் படிக்கிறவர்கள் இல்லை, கனம் பார்க்கிறவர்கள். வெடிக்குக் குழாய் உருட்டும் வீடுகளில் அதுதான் வழக்கம். கம்பெனி வேன் பழைய காகிதத்தைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போகும். அதில் பரீட்சைத்தாள் இருக்கும், கல்யாணப் பத்திரிகை இருக்கும், ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டிய ஃபைலும் இருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்து, கனமானதை முதலில் எடுத்துக் கீறி, பசை தடவி, கம்பியில் சுற்றி உருவிப் போட்டுக்கொண்டே இருப்போம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனாலும் பதினைந்து வருஷத்தில் ஒரு தாளையாவது வாசித்திருப்பேனா என்றால், இல்லை. வாசித்தால் கை நின்றுவிடும்.

போன வருஷம் கோடையில் ஒருநாள் என் கை நின்றது.

அப்போது எங்கள் நிலைமை இதுதான். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில் எங்களுக்கு ஒரு துண்டு கரிசல், அதிலேயே வீடு. இரண்டு முறை தண்ணீருக்குப் போர் போட்டோம், இரண்டு முறையும் புழுதிதான் வந்தது. லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. என் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர். சாயங்காலம் உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க வந்து, அரை வாளித் தண்ணீரில் துடைத்துக்கொண்டு படுப்பார். மூன்றாவது போர்தான் கடைசி. அதிலும் தண்ணீர் இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடுவது என்று முடிவு. இதே கொடுமை தாங்காமல் நான்கு வருஷத்துக்கு முன்பே குடும்பத்தோடு அங்கே போன என் அக்கா, எங்களுக்கு ஓர் அறைகூடப் பார்த்துவிட்டாள்.

நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். அது நிமிர்ந்து நின்ற தென்மூலையில் சுண்ணாம்பால் குறி போட்டார். மறுநாள் காலையில் போர் வண்டி வருவதாக ஏற்பாடு.

அந்த மத்தியானம் பசை தடவ எடுத்த தாளில் ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ப் பெயர் கிடந்தது. பேருந்துகூட உள்ளே வராத ஊர். இதன் பெயரை யார் அச்சடித்தார்கள் என்று மீதித் தாள்களைத் தேடி எடுத்தேன். நாடு சுதந்திரம் வாங்கிய புதிதில், அரசாங்கத்தார் நிலத்தடி நீரைக் கணக்கெடுத்த சர்வே அது. கிணறு கிணறாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். எத்தனை அடி ஆழம், கோடையில் எவ்வளவு நிற்கும், உப்பா இனிப்பா, எல்லாம் இருந்தது. எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் கிணற்றுக்கு நேரே உவர்ப்பு என்று போட்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கிணற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் நான்கு வரி. தட்டுத் தடுமாறித்தான் வாசித்தேன். இந்த ஊரின் கூலி மக்களை இந்தக் கிணற்றில் இறைக்க விடுவதில்லை. ஓடையோரம் தாங்களே தோண்டிய குழியில் எடுக்கிறார்கள். தண்ணீர் இனிப்பு, கடும் கோடையிலும் வற்றவில்லை, அடியில் பாறை வெடித்திருக்கிறது. இடத்துக்கு வரைபடம் பார்க்க.

வரைபடத்தை எங்கே பார்க்க? அதுதானே கட்டிலேயே கனமான தாள்! காலையில் முதல் வேலையாக அதைத்தான் கீறி உருட்டியிருந்தேன். பசை காய்ந்து, சாக்கில் கட்டியும் ஆகிவிட்டது. என்னை நானே திட்டிக்கொண்டு சாக்கைக் கவிழ்த்து, நீலக்கோடு தெரிந்த குழாய்களைப் பொறுக்கினேன். ஊறவைக்காமல் பிரித்தால் கிழிந்துவிடும். வீட்டில் மிச்சம் இருந்தது வீட்டுக்காரருடைய அரை வாளித் தண்ணீர் மட்டுந்தான். அதில் போட்டேன்.

ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் ஒட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணிருக்க? நான் குளிக்க இருந்ததே அம்புட்டுத்தான!"

"ஒருநா குளிக்காட்டி ஒண்ணும் ஆயிர மாட்டீக. இங்கன வந்து பாருங்க."

"தேங்கா காட்டுன எடத்த விட்டுட்டு, வெடிக்கு வந்த பேப்பரு சொன்ன எடத்துல போர் போடணுமாக்கும்?"

"முன்ன ரெண்டு தடவையும் தேங்காதான காட்டுச்சு?"

அந்த நான்கு வரியைத் தமிழில் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கெணத்துப் பக்கம் போனா அடிப்பாகன்னு தாத்தா சொல்லுவாக. அப்ப என்னத்தக் குடிச்சீகன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல," என்றார்.

ஒட்டுச் சேர்த்த வரைபடத்தில், ஓடை வளைகிற இடத்தில் வெள்ளைப் பாறை, அதற்கு வடக்கே ஒரு சின்ன வட்டம். பாறை இன்றைக்கும் எங்கள் வரப்போரம்தான் இருக்கிறது. மறுநாள் வண்டி வந்ததும் அவரே அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். முதலில் புழுதி கிளம்பியது. திருப்பூருக்கு எந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு புழுதி சேறானது, சேறு தண்ணீராகி ஆளுயரத்துக்கு அடித்தது. ஒரு கை ஏந்திக் குடித்தேன். இனிப்பு. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போட்டிருந்த சட்டையோடு அதன் அடியில் போய் நின்றார். வெள்ளிப் பொடி அவர் காலடியில் வழிந்து ஓடியது.

அந்த நான்கு வரியை எழுதிய சர்வே அதிகாரி யாரென்று எனக்குத் தெரியாது. அட்டையும் முதல் தாளும் என் கையால் உருண்டு போயிருக்க வேண்டும், அவர் பெயர் எந்த ஊரில் வெடித்ததோ. பண்ணைக்காரர் வீட்டில் மோர் குடித்துவிட்டு, அவர் கிணற்றை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தாலும் அவரை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? வெயிலில் ஓடை வரைக்கும் நடந்து, எங்கள் ஆட்கள் குடித்த குழியையும் ஒரு கிணறாக மதித்து எழுதினாரே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது. நல்லா இருந்திருக்க வேண்டும் அந்த மனுஷன்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ரூம் வேண்டாம்னு சொல்லிரு அக்கா. தண்ணி வந்திருச்சு."

"உப்பா?"

"இனிப்பு. நம்ம ஆளுக அந்தக் காலத்துல குடிச்ச தண்ணியாம்."



"அப்ப," என்றாள் அக்கா, "நாங்களும் வந்திரட்டுமா?"