இரண்டாவது மேசை

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் என்பதால், குடியிருப்பில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் பிஸ்கட்டம்மா. வேலையை விட்டு, துணிமணியிலிருந்து வெனிலா வாசனை போய்ப் பல வருஷம் ஆகியும் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு விசில்காரர் என்று பேர். மாடிப்படியில் யாராவது வழியை மறித்துக்கொண்டு பேசினால், "உள்ளே போங்க, உள்ளே போங்க, எடம் நெறைய கெடக்கு" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் ஏறுவார்.

பிஸ்கட்டம்மாவைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. அவள் தூங்க மாட்டாள். படுப்பாள், கண்ணை மூடுவாள், அடுத்த வீட்டில் குழந்தை சிணுங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "திருடன் வந்தா அவனுக்கு டீ போட்டுக் குடுத்துத்தான் அனுப்புவா எங்க வீட்டுக்காரி" என்று விசில்காரர் ஊருக்கே சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. "மயக்க மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டாள். "குடுக்காம எப்படிம்மா?" என்றார் அவர். "அப்ப வேணாம்" என்று எழுந்து வந்துவிட்டாள். மகள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். இவள் எண்ணெய்ப் பலகாரத்தை விட்டாள், வயிற்றை அரை வயிறாக்கினாள், வலி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூங்குவதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம், தான் பிறப்பதற்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான், இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனில் போய்விட்டான் என்பது வரைதான்.

அவனைக் குருவி என்று கூப்பிட்டார்கள். கையில் எடுத்தால் குருவியைப் பிடித்த மாதிரி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். நாலு எட்டு ஓடினால் குந்தி உட்கார்ந்துவிடுவான். உதடு நீலம் பாரித்துவிடும். அழுதால் ஆபத்து என்பதால் அந்தப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் வீட்டில் சரி சரி என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். இதயத்தைத் திறந்து தைக்க வேண்டும் என்றார்கள். திறந்து தைக்கிற நேரத்துக்கு இதயம் சும்மா இருக்க வேண்டும். இதயம் சும்மா இருந்தால் உடம்பு என்ன ஆவது? அந்த வேலையைப் பார்க்கும் யந்திரம் அப்போது அந்த ஊருக்கு வரவில்லை. அதனால் பெரிய டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்து மேசையில் இன்னொரு ஆளைப் படுக்கவைத்து, தொடையில் குழாய் செருகி, அந்த ஆளின் இதயமே இரண்டு உடம்புக்கும் சேர்த்து ரத்தம் ஓட்டும்படி செய்வது. அப்படிச் சில குழந்தைகளைப் பிழைக்க வைத்துமிருந்தார்.

"ஒரு உயிரக் காப்பாத்தப் போய் ரெண்டு உயிரும் போயிடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அப்பாவின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. அவள் யோசிக்கவே இல்லை.

ஆபரேஷன் அன்று காலை இரண்டு மேசைகளுக்கும் நடுவில் குருவி அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். இருவர் முகத்திலும் மயக்க மருந்து வரும் ரப்பர் மூடியை வைத்தார்கள். அவள் கண் விழித்தபோது பெண்கள் வார்டில் இருந்தாள். காலை அசைக்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குருவி போய்விட்டான் என்பதை அவர் உடனே சொல்லவில்லை. அடக்கம் எல்லாம் முடிந்து, அவள் எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் சொன்னார். சொல்லும்போது கூடவே இதையும் சொன்னார்:

"கண்ணு முழிச்சான்மா. தண்ணி கேட்டான். கரண்டியில குடுத்தேன். 'அம்மா எங்க'ன்னான். அம்மா தூங்குறாடான்னேன். சரின்னுட்டுக் கண்ண மூடிக்கிட்டான்."

அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள், தொழிற்சாலைக்குத் திரும்பப் போனாள், மகளைப் பெற்றாள். அதே வார்த்தைகள்தான் உள்ளே கிடந்து அவளை அரித்தன. பிள்ளை கூப்பிட்டிருக்கிறான். அவள் தூங்கியிருக்கிறாள்.

மகள் வங்கியில் வேலை பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒருமுறை வந்தபோது, பழைய ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் கட்டடத்தை அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள், முதல்முதலாக இதயத்தைத் திறந்து தைத்த இடம் என்று சனங்கள் போய்ப் பார்க்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிஸ்கட்டம்மா தட்டைக் கீழே வைத்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போ."

விசில்காரர் சடாரென்று திரும்பினார். "அங்க என்ன இருக்கு? நாலு கத்தியும் கத்தரிக்கோலும் வெச்சிருப்பான். காசப் புடுங்குற வேலை."

"நீங்க வரவேணாம்."

"முழங்கால் வலிய வெச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுவியா? வேணாம்னா கேளேன்."

இத்தனை வருஷத்தில் எதற்கும் இப்படிக் குரலை உயர்த்தாத மனுஷன். பழைய புண்ணைக் கிளற வேண்டாமென்று பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள்.

கட்டடத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நடைபாதைச் சுவர் முழுக்கப் படங்கள். பெரிய டாக்டர், அவருடைய குழுவினர், முதலில் பிழைத்த குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படமும் இருந்தது. பிஸ்கட்டம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பொறாமைப்படக் கூடாது என்று நினைத்தாள். பட்டாள்.

கடைசியில் ஆபரேஷன் அறை. விளக்கு அதே பெரிய வட்ட விளக்கு. பச்சை ஓடு பதித்த சுவரும் அதேதான். இரண்டு மேசைகளிலும் மெழுகு பொம்மைகள். சின்ன மேசையில் குழந்தை. துணிக்கு வெளியே காது மட்டும் தெரிந்தது. இரண்டாவது மேசையில் ஓர் இளம்பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கன்னத்தில் சிவப்புப் பூசி, தலைமுடியை அழகாகச் சீவிவிட்டிருந்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாய் இருவரையும் இணைத்தது. அதற்குள் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எவ்ளோ நிம்மதியாத் தூங்குது பாரு" என்றான் பார்க்க வந்தவர்களில் ஒருவன், பெண்சாதியிடம்.

பிஸ்கட்டம்மாவுக்கு அந்தப் பொம்மையை உலுக்கி எழுப்ப வேண்டும் போலிருந்தது. கை தடுப்புக் கம்பிவரை போய்விட்டது. மகள் பிடித்துக்கொண்டாள்.

பார்க்க வந்தவர்களுக்கு விளக்கிச் சொன்னவள் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். பயிற்சிக்கு வந்த காலத்தில் அதே அறையில் நின்றவளாம். கூட்டம் நகர்ந்த பிறகு பிஸ்கட்டம்மா அவளிடம் போனாள்.

"சிஸ்டர், பிழைக்காத பிள்ளைங்களும் இருந்தாங்கல்ல?"

"இருந்தாங்கம்மா. மூணு பேர்."

"அதுல ஒரு பையன் கண்ணு முழிச்சானாமே. தண்ணியெல்லாம் கேட்டானாமே."

நர்ஸ் சற்று யோசித்தாள். "பையன் இல்லம்மா, முழிச்சது ஒரு பொண்ணு. மறுநாள் போயிடுச்சு. மத்த ரெண்டும் ஆம்பளப் பிள்ளைங்க. ரெண்டும் மேசைலயே போச்சு. நெஞ்ச மூடுனாங்க, இதயம் திரும்ப ஓடவே இல்ல. நான் நாலு நாள் சோறு திங்கல."

"நல்லாத் தெரியுமா?"

"இந்த எடத்துலதான் நின்னேன். எப்படிம்மா மறக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் பிஸ்கட்டம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொடையில தழும்பு இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

பிஸ்கட்டம்மாவின் கை தானாகத் தொடைக்குப் போயிற்று. நர்ஸ் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டிய முறை இவளுடையது ஆயிற்று. "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நியாயமாகப் பார்த்தால் பாரம் இறங்கியிருக்க வேண்டும். பிள்ளை கூப்பிடவில்லை, கூப்பிட்ட பிள்ளையிடம் போகாமல் தூங்கினாள் என்ற பாவம் அவளுக்கு இல்லை. ஆனால் கூப்பிட்ட பிள்ளையும் இல்லாமல் போய்விட்டான். இத்தனை காலமும் அவள் காதில் கேட்ட குரல் யாருடையது? தண்ணீர் குடித்து நனைந்த அந்த உதடு யாருடையது? அவன் முகத்தில் ரப்பர் மூடி வந்து விழுந்ததோடு எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் பங்குக்கு ஒன்றுமே இல்லை.

வீட்டில் விசில்காரர் ரேடியோவைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே, "பாத்தாச்சா?" என்றார்.

"குருவி முழிச்சானே, அதச் சொல்லுங்க."

"எத்தன தடவ சொல்றது?"

"இன்னொரு தடவ."

"கண்ணு முழிச்சான். தண்ணி கேட்டான். கரண்டியில..." அவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கையிலிருந்த திருகாணியை மேசைமேல் வைத்தார். "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. நீங்க சொல்லுங்க."

"தண்ணி கேட்டது நீ" என்றார் அவர். "நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு கேட்டே. கரண்டியில குடுத்தேன். 'பையன் முழிச்சானா'ன்னு கேட்டே. இல்லேன்னு சொன்னா நீயும் போயிருவேன்னு பயந்து, முழிச்சான்னுட்டேன். அப்புறம் எல்லாத்தையும் சொல்ற நாள் வந்துச்சு. முழிச்ச பிள்ள ஏதாவது பேசியிருக்கணுமே. வாயில வந்ததச் சொன்னேன். ஏத்தியாச்சு, அதுக்கப்புறம் எந்த ஸ்டாப்புல எறக்கி விடுறது?"

"அம்மா எங்கன்னு கேட்டான்னு ஏன் சொன்னீங்க?"

"கடைசியா உன்னத்தான் நெனச்சான்னு தெரிஞ்சா உனக்கு ஆறுதலா இருக்கும்னு."

"ஆறுதலா..." என்றாள் பிஸ்கட்டம்மா. "அன்னைலருந்து நான் ஏன் தூங்கலைன்னு நெனச்சீங்க?"

திருடனுக்கு டீ போட்டுக் கொடுக்கும் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்! அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிழவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மகள் அப்பாவிடம் போவதா அம்மாவிடம் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

பிஸ்கட்டம்மா அவரை ஏசவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். சமைத்தாள், போட்டாள். ஆனால் அன்றோடு அந்த வீட்டில் பேச்சு தேவைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. காலையில் அவர், "தூங்குனியா?" என்று பயந்து பயந்து கேட்பார். "ம்" என்பாள். தூங்கியிருக்க மாட்டாள். தூங்காமல் இருக்க இப்போது காரணமும் இல்லை. தூக்கத்துக்கு வழிதான் மறந்துபோயிருந்தது. மாடிப்படியில் விசில்காரரின் குரல் கேட்பதில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொண்டார்கள். நர்ஸ் ஒருமுறை ஆள் விட்டு, பையனின் படம் இருந்தால் சுவரில் மாட்டுகிறோம் என்று கேட்டாள். இருந்தது ஒரே படம். அதிலும் அவன் தலையை ஆட்டிவிட்டதால் முகம் கலங்கியிருந்தது. அவள் கொடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் விசில்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பிஸ்கட்டம்மாதான் பக்கத்தில் இருந்தாள்; துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள். மன்னித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எதை மன்னிப்பது? நல்லதை நினைத்துச் சொன்னதையா? மருந்து வாங்க மகள் கீழே போயிருந்த ஒரு மத்தியானம், அவர் மூச்சு நீண்டு, இன்னும் நீண்டு, நின்றது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

"இல்ல. ஒண்ணும் சொல்லல."

"என்னைக் கேட்டாரா?"

பிஸ்கட்டம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைக்காக அந்த முகம் காத்திருந்தது.

"இல்லடி" என்றாள். பிறகு போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.